பானட் சூடு

மாசிலாமணியின் குரு அவரைவிடப் பதினைந்து வயசு சின்னவள். பேர் ரெஜினா. டீசல் இஞ்சின் பிரித்து மாட்டும் பட்டறை வைத்திருந்தாள். வேலை கற்க வந்த புதிதில் அவர் கிண்டலாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். கிண்டல் போய்விட்டது, கூப்பிடுவது நிற்கவில்லை.

லாரி ஓட்டி அலுத்தவர் அவர். பழைய கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டினால் தினமும் வீட்டில் படுக்கலாம். இருக்கிற காசு ஒரு வண்டிக்குத்தான். அது காலை வாரிவிட்டால் மறுபடியும் லாரிதான்.

"குருவே, பழைய வண்டி நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"பார்க்கப் போறப்ப கூப்பிடுங்கண்ணே."

ஞாயிற்றுக்கிழமை, கார் விற்கும் ராஜரத்தினம் என்பவரின் வீட்டு வாசலுக்கு அவளை வரச் சொன்னார் மாசிலாமணி. ரெஜினா வந்தபோது மாசிலாமணி முன்னாலேயே வந்து நின்றிருந்தார். வெள்ளை வண்டி, கழுவித் துடைத்துப் பளபளத்தது.

ரெஜினா கதவைத் திறக்கவில்லை. டயரை உதைக்கவில்லை. பானட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

"சுடுதே. சூடான இஞ்சின் எந்தக் கோளாறையும் வெளிய காட்டாது. யாரு ஓட்டினது?"

ராஜரத்தினம் வாயைத் திறந்தார். மாசிலாமணி முந்திக்கொண்டார்.

"நான்தான். சும்மா ஒரு ரவுண்டு. நீங்க வர்றப்ப மக்கர் பண்ணாம கிளம்பணுமேன்னு."

சொன்ன பிறகு அவருக்கே அசட்டுத்தனமாக இருந்தது.

"ஆறட்டும்" என்றாள்.

ராஜரத்தினம் டீ கொண்டுவந்து வைத்தார். டீ ஆறியது. வெயில் ஏறியது. மாசிலாமணி எழுந்து போய்ப் பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடியும் போனார்.

மத்தியானத்துக்கு மேல் ரெஜினா சாவியைத் திருகினாள். இழுத்தது, நின்றது. மறுபடியும் இழுத்தது. ஒருவழியாக உதறிக்கொண்டு கிளம்பியது. பின்னால் கிளம்பிய வெள்ளைப் புகையில் காம்பவுண்டுச் சுவரே தெரியவில்லை.

"பேட்டரி வீக்கா இருக்கும்" என்றார் மாசிலாமணி.

அவள் இறங்கிப் பானட்டைத் தூக்கி, ஆயில் மூடியைத் திறந்தாள். அதன் வழியாகவும் புகை குபுகுபுவென்று வந்தது. இஞ்சின் உள்ளே தேய்ந்துபோயிருந்தால்தான் அங்கே அப்படி வரும்.

"ரொம்ப நாளா எடுக்காம நின்ன வண்டி குருவே. அப்படித்தான் இருக்கும்."

அவள் ஆயில் மூடியைத் திருகி மூடினாள்.

"டீசல்னா கொஞ்சம் புகையத்தானே செய்யும்? நம்ம பட்டறைக்கு வர்றதெல்லாம் புகையலையா?"

"பட்டறைக்கு வர்றது புகையாம பாட்டா பாடும்?"

ராஜரத்தினம் கையைக் கட்டிக்கொண்டு, மாசிலாமணியை நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெஜினா இஞ்சினை அணைத்தாள்.

"வண்டி யாரோடதுண்ணே?"

"இவரோடது."

"விக்கிறது யாரு?"

"இவர்தான்."

"காலையிலேருந்து அவர் ஒரு வார்த்தை பேசலையே."

மாசிலாமணி போய்ப் பானட்டை இறக்கி மூடினார்.