மருதம்பட்டையும் ரெஜினாவின் கையும்

“மேடம், அந்தப் பொண்ணை இந்த வேலையிலேருந்து மாத்திடுங்க” என்றார் நல்லபெருமாள்.

அவர் பரம்பரைச் சித்த வைத்தியர். மருதம்பட்டை புண்ணை ஆற்றும் என்பது அவர் கைகண்ட உண்மை. அதை ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துக் காட்டியே தீருவது என்று, தன் வயதே ஆன பேராசிரியை வேதவல்லியிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

“ஏன், என்ன ஆச்சு?”

“பட்டைத் துண்டுல ஒட்டியிருக்கிற கிருமியெல்லாம் சாகிற மாதிரி கழுவி, கிருமி வளர்க்கிற தட்டுல வைக்கணும். அது அவ வேலை. வெச்ச தட்டுல எல்லாம் பூஞ்சை பூத்திருக்கு.”

“மரத்துக்குள்ளேருந்து வந்திருக்கலாமே?”

வைத்தியர் சிரித்தேவிட்டார்.

“மருதமரத்துக்குள்ளயா? கிருமியைக் கொல்ற மரம் மேடம் அது! இவ கை சுத்தம் போதாது. மீன் விக்கிறவ பொண்ணு. வேற எப்படி இருக்கும்?”

அடுத்த மேசையில்தான் ரெஜினா குடுவை கழுவிக்கொண்டிருந்தாள். கையுறையைக் கழற்றினாள். வெள்ளைக் கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

படிப்பே வேண்டாம் என்று பிறகு தோழியிடம் சொல்லியனுப்பினாள். வேதவல்லி கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை.

“இனி நீங்களே செய்யுங்க, வைத்தியரே” என்றார் வேதவல்லி.

வைத்தியர் செய்தார். தோல் எரியும்வரை கையை ஸ்பிரிட்டில் கழுவினார். மூச்சு படக்கூடாதென்று வாயைக் கட்டிக்கொண்டார். பட்டையை அவள் கழுவியதைவிட அதிக நேரம் கழுவினார். கடைசியாகக் கழுவிய தண்ணீரிலும் ஒரு சொட்டை எடுத்துத் தனித் தட்டில் விட்டார்; பட்டைமேல் கிருமி மிச்சமிருந்தால் அதில் முளைத்துவிடும்.

சில நாளில் பட்டை வைத்த தட்டைத் திறந்தார். அதிலும் பூஞ்சை பூத்திருந்தது.

வேதவல்லி எட்டிப் பார்த்தார்.

“இது யார் கை, வைத்தியரே?”

வைத்தியர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கழுவின தண்ணி விட்ட தட்டு?”

“சுத்தமா இருக்கு, மேடம்.”

“பூஞ்சை எங்கேருந்து கிளம்பியிருக்கு? நல்லாப் பாருங்க.”

பார்த்தார். வெளித்தோலில் ஒன்றுமில்லை. கத்தி வெட்டிய இடத்தில், பட்டையின் உள்சதையிலிருந்து வெள்ளை வெள்ளையாய்க் கிளம்பியிருந்தது.

வேதவல்லி இன்னொரு தட்டை எடுத்து வந்தார். புண்ணில் சீழ் வைக்கும் கிருமியைத் தட்டு முழுக்கப் பரப்பி, நடுவில் ரெஜினாவின் தட்டில் பூத்த அதே பூஞ்சையை வைத்திருந்தார். பூஞ்சையைச் சுற்றி ஒரு வட்டத்துக்குக் கிருமி வளரவே இல்லை.

“அப்போ... புண்ணை ஆத்தினது இதுவா?”

“இதுவும் இருக்கலாம். மரத்தோட பங்கு எவ்வளவு, இதோட பங்கு எவ்வளவுன்னு இனிமேதான் பாக்கணும்.”

வைத்தியருக்கு அதொன்றும் காதில் ஏறவில்லை. நாற்காலியில் மடித்தபடியே கிடந்த கோட்டைப் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“ரெஜினா ஊருக்குப் போயிட்டு வரேன், மேடம்.”

“போய்?”

“மன்னிப்புக் கேக்கணும். பூஞ்சை மரத்துக்குள்ளதான் இருந்திச்சு, உன் கை சுத்தம்தான்னு சொல்லிடறேன்.”

வேதவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அது அவ கையிலேருந்தே வந்திருந்தா, வைத்தியரே? அவ அம்மாவை இழுத்தது சரியாயிருக்குமா?”