காத்திருந்தவர்களின் சராசரி

“சார், என் ஆராய்ச்சி மண்ணாப் போச்சு,” என்றாள் மங்கையர்க்கரசி.

நெறியாளர் செல்வின் நிமிர்ந்து பார்த்தார். அவர் அவளைவிடப் பத்து வயது இளையவர். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை அக்கா என்பார். இந்தக் குருவையும் சிஷ்யையையும் பார்த்து அந்தத் துறையில் சிரிக்காத ஆளில்லை. இருவரும் அதைச் சட்டை செய்ததில்லை.

“என்னக்கா ஆச்சு?”

“ரெண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லன்னு வந்துட்டு.”

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்மார்தான் அவளுடைய ஆராய்ச்சி. பந்தலுக்குச் சொல்லவும் சான்றிதழ் வாங்கவும் அலைந்துவிட்டு, அழ நேரம் கிடைக்காமலே வேலைக்குத் திரும்பிய மனிதர்கள். அவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதி வாராவாரம் வட்டமாக உட்கார்ந்து பேசியது. மறு பாதி, அது முடிந்து தன் முறை வரட்டும் என்று காத்திருந்தது. முதல் நாளும் கடைசி நாளும் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து, துயரத்துக்கு மதிப்பெண் போட்டாள். துயரம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும்.

“பேசினவங்களுக்குச் சராசரி இறங்கியிருக்கு சார். சும்மா காத்திருந்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியிருக்கு. இருக்கிற வித்தியாசம் தற்செயல்தான்னு புள்ளியியல் சோதனை சொல்லுது. பேசினாலும் ஒண்ணுதான், பேசாட்டியும் ஒண்ணுதான்.”

சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. அதைச் செல்வின் கவனித்தார்.

“இத்தனை வருச உழைப்பு போச்சுங்கிறீங்க. அழுகையைக் காணோமே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் அந்த முடிவு அவள் வயிற்றில் பாலை வார்த்திருந்தது. பேச்சிமுத்து செத்ததிலிருந்து அவள் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றதில்லை.

“பேச்சிமுத்து அண்ணாச்சிய நெனச்சேன் சார்.”

பேச்சிமுத்து பஸ் டிரைவர். ஒரே மகளைப் பறிகொடுத்தவர். சீட்டில் காத்திருக்கும் பக்கம் விழுந்தார். ஒருநாள் வண்டியை டிப்போவில் விட்ட கையோடு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் அவளைத் தேடி வந்தார்.

“தாயீ, என்னைய அந்தப் பக்கம் சேத்துக்கிடுங்க. என்னால முடியல.”

அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அங்கே போனால் பைத்தியம் என்பார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். அவள் செல்வினுக்குப் போன் போட்டாள். ஒரு ஆளை மாற்றினாலும் குலுக்கல் கெட்டுவிடும் என்றார் செல்வின். புத்தகப்படி அது சரிதான்.

“சீட்டுல விழுந்தது விழுந்ததுதான் அண்ணாச்சி. உங்க முறையும் வரும்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். முறை வருவதற்குள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

“இப்பப் பாருங்க சார்,” என்றாள் மங்கையர்க்கரசி. “அன்னைக்கு அவரைச் சேத்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. கணக்கே சொல்லுதுல்ல?”

ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. அவளுடைய கணினியைத் தன் பக்கம் திருப்பினார்.

“காத்திருந்தவங்களுக்கு எப்படிக்கா துயரம் குறைஞ்சது?”

“காலம் ஆத்தியிருக்கும் சார்.”

“அண்ணாச்சியோட கடைசி நாள் மதிப்பெண் எங்க?”

“அந்தக் கட்டம் காலி. காலிக் கட்டத்தக் கம்ப்யூட்டர் சராசரியில சேத்துக்கிடாது.”

“முதல் நாள் மதிப்பெண்?”

“அது இருக்கு. அந்தச் சின்னக் குழுவுலயே அவருக்குத்தான் ரொம்ப அதிகம்...”

பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

செல்வின் எழுந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“முதல் நாள்லயும் அவரை எடுத்துட்டுச் சராசரி போடுங்க.”

“வேண்டாம் சார்.”

“போடுங்கக்கா.”

அவள் உட்கார்ந்தாள். ஒரு மதிப்பெண்ணை நீக்கினாள்.

முதல் நாள் சராசரியும் கடைசி நாள் சராசரியும் ஒன்றாக நின்றன.

காத்திருந்தவர்களுக்கு எதுவும் ஆறவில்லை. ஆறியதுபோலத் தெரிந்ததெல்லாம் பேச்சிமுத்து இல்லாமல் போனதால்தான்.

“அப்போ, பேசினவங்களுக்கு மட்டும்...”

செல்வின் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, இரண்டு குழுவிலும் அவரவருக்கு எவ்வளவு மாறியது என்பதை வைத்துச் சோதனையை மறுபடி ஓடவிட்டார்.

திரையில் ஒரு வரி வந்தது. எந்த ஆராய்ச்சி மாணவரும் துறை முழுக்க லட்டு கொடுத்துக் கொண்டாடும் வரி அது.

“என்ன சார் வந்திருக்கு? எனக்குக் கண்ணு தெரியல.”

செல்வின் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பலன் இருக்குக்கா,” என்றார்.