இருட்டறைப் பயறு

மலையடிவார ஆசிரமத்துக்குச் சேர்மக்கனி வந்து ஒன்றரை வருஷமாகிறது. வந்த நாளிலிருந்து, ஜன்னல் இல்லாத தானிய அறையில்தான் இருப்பு. தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் போதும், மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். ஐம்பத்தாறு வயது மனிதர்.

உப்பளத்தில் கூட வேலை பார்த்த அந்தோணிராயனை நாலு பேர் வெட்டிக் கொன்றதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். போலீசில் சொன்னார். மிரட்டல் வந்தது. ஓடிவந்துவிட்டார்.

ஆசிரமத்தை நடத்திய மங்களை அவரைவிட இருபது வயது இளையவர். காவி கட்டும் முன் செடிகளை ஆராய்ந்தவர். சேர்மக்கனி அவரையே குருவாக வரித்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மங்களை தானிய அறைக்கு வந்தபோது, சேர்மக்கனியின் கையில் சம்மன் இருந்தது. மறுநாள் கோர்ட்டில் சாட்சி.

"போகலேன்னா என்ன ஆகும்?" என்று மங்களை கேட்டார்.

"நாலு பேரும் வெளிய வந்துருவானுங்கம்மா."

"போனா?"

"என்னையும் வெட்டுவானுங்க."

மங்களை மறுக்கவில்லை. மூலையில் கவிழ்த்திருந்த பானையை எடுத்தார். ஐந்து நாளைக்கு முன் மங்களையே அதனடியில் ஒரு தட்டில் பச்சைப்பயறு விதைத்திருந்தார். முளைகள் வெளிறி, ஒல்லியாக, ஒரு சாணுக்கு நீண்டு நின்றன. எல்லாம் தலையைக் கவிழ்த்திருந்தன.

"சீக்கு பிடிச்சிருச்சா?"

"இல்லை. இருட்டில் இப்படித்தான் பிழைக்கும்."

தட்டை முற்றத்து இளவெயிலில் வைத்துவிட்டு மங்களை தன் வேலையைப் பார்க்கப் போனார்.

சேர்மக்கனி கதவிடுக்கில் நின்று பார்த்தார். அங்கிருந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. மதியம் ஒரு லாரி போனது. உள்ளே ஓடினார். திரும்ப வந்தார். சாயங்காலம் வாசல்படியைத் தாண்டிவிட்டார். தட்டின் முன் போய் நின்றார்.

சில முளைகள் நிமிரத் தொடங்கியிருந்தன. மூடியிருந்த இலைகள் விரிந்து லேசாகப் பச்சை ஏறியிருந்தது.

மங்களை வந்து பக்கத்தில் குந்தினார்.

"இருட்டில் இதுக்குள்ளே ஒரு புரதம் வேலை செய்யும். நீளு, தலையைத் தூக்காதே, இலையை விரிக்காதேன்னு நடத்தும். வெளிச்சம் பட்டதும் செடியே அதுக்கு ஒரு அடையாளக் குறி வைக்கும். குறி வச்சதைத் துண்டு துண்டாக்கிடும்."

"அத்தனை நாள் காப்பாத்துனதையா?"

"ஆமாம்."

"அது முதல்லயே இல்லாம இருந்திருந்தா?"

"அது இல்லாத நாற்றையும் அப்போ ஆராய்ச்சிக்கூடத்துல வளர்த்துப் பார்த்தோம். வெளிச்சம் பட்டதும் வெளுத்துச் செத்துப்போச்சு."

சேர்மக்கனிக்கு அந்தோணிராயன் கூப்பிட்ட குரல் காதில் வந்தது. அன்று தான் உப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து எழாமல் இருந்ததும் நினைவுக்கு வந்தது. வாசல் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை.

"அம்மா, எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும். பயம் போகட்டும். அடுத்த வாய்தாவுக்குப் போறேன்."

"இந்தத் தட்டை இன்னும் ஒரு வாரம் பானைக்கடியிலேயே வச்சிருந்தா, அந்தப் புரதம் போயிருக்குமா?"

"போயிருக்காதா?"

"இருந்துக்கிட்டேதான் இருக்கும். வெளிச்சம் பட்ட பிறகுதான் அது உடைய ஆரம்பிக்கும்."

"பட்டு எவ்வளவு நேரத்துல?"

"சில நிமிஷத்துல."

சேர்மக்கனி தூணைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய வெட்டிட்டா?"

"வெட்ட மாட்டாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"நீங்க கூட வருவீங்களா?"

"வர்றேன்."

"பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"காலையில ஏழு மணிக்கு" என்றார் மங்களை. "ஜன்னலோரத்தில் நீங்க உட்காருங்க."