ஆடாத இயந்திரம்

கோவையில் தொழிற்பயிற்சி ஆசிரியையாக இருந்த தமயந்தி டீச்சரிடம் பொன்னுரங்கம் மாலை வகுப்பில் பயின்றுவந்தார். மாணவர்தான், ஆனால் ஆசிரியையைவிட வயதில் மூத்தவர்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும், உலோகத்தைச் செதுக்கித் துளையிடும் இயந்திரம் ஒன்றைப் பற்றி அவர் கேட்டார்: "வீட்டுப் பட்டறைக்குச் சின்னதா ஒரு மில்லிங் மெஷின் வாங்கோணுங்க டீச்சர். நம்ம கைக்கு எட்டற விலையில. எதைப் பார்த்து வாங்கறதுங்க?"

"என்ன வேலைக்குங்க அண்ணா?"

அவருடைய மனைவி சொர்ணலதா சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுபவர். ஆட்டத்துக்கான நாற்காலியின் அச்சைத் தாங்கும் இரண்டு அலுமினியக் கட்டைகளும் விரிசல் விட்டுவிட்டன. அதைச் செய்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. இரண்டே கட்டைகளுக்காகத் தன் வேலையை நிறுத்த எந்தப் பட்டறையும் இசையவில்லை. மாநில அணிக்கான தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"போன தடவை இரவல் நாற்காலியில ஆடினா டீச்சர். இடது பக்கமாவே இழுத்துட்டுப் போச்சு. அணியில இடம் கிடைக்கல."

"நாளைக்குக் கடைக்குப் போலாம்" என்றார் டீச்சர்.

கையிலிருந்த பணத்துக்கு இரண்டு இயந்திரங்களே பொருந்தின. ஒன்று புத்தம் புதியது. நீண்ட மேசையும் எண்கள் ஒளிரும் திரையும் உடையது. மற்றொன்று ஏற்கெனவே வேறொருவரிடம் ஓடியது. குட்டையானது, வண்ணம் உதிர்ந்தது, நான்கு ஆட்கள் சேர்ந்து தூக்க வேண்டியது.

கடைக்காரர் புதியதன்மேல் கை வைத்தார். "கரன்ட் போட்டுக் காட்டறனுங்க மேடம். சத்தத்தைக் கேளுங்க, வீணை மாதிரி இருக்கும்."

"வேண்டாங்க. நின்னபடியே இருக்கட்டும்."

டீச்சர் தம் பையிலிருந்து டயல் கேஜை எடுத்தார். தலைமுடியிழையைவிட நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டிவிடும் கருவி அது. அதை மேசைமேல் நிறுத்தி, அதன் நுனியைப் புதிய இயந்திரத்தின் உளி சுழலும் தலையில் பதித்தார்.

"கட்டை விரலால தள்ளுங்க அண்ணா."

பொன்னுரங்கம் தள்ளினார். முள் ஓடியது. விரலை எடுத்தார். முள் திரும்பியது, ஆனால் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரவில்லை.

குட்டை இயந்திரத்தை விரலால் தள்ளினார், உள்ளங்கையால் தள்ளினார், தோளையும் கொடுத்துப் பார்த்தார். முள் சற்றே சிலிர்த்துத் தன் இடத்துக்கே திரும்பி நின்றது.

"மெஷின் வாங்க வந்தீங்களா, குஸ்தி போட வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"இதை எடுத்துக்கங்க அண்ணா."

"மேசை முழங்கை நீளங்கூட இல்லீங்களே டீச்சர்?"

"உங்க கட்டை எவ்வளவு நீளம்?"

பொன்னுரங்கம் தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"அப்புறமென்னங்க?"

இயந்திரம் வீட்டில் வந்து இறங்கியது. சொர்ணலதா வீட்டில் புழங்கும் சக்கர நாற்காலியில் அதைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "ஏனுங்க, மெஷின் வருதுன்னீங்க. இது அதோட குட்டியா?"

பொன்னுரங்கம் குளித்துவிட்டு வந்தார். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து மேசையின் நட்டநடுவில் பொட்டு வைத்தார். குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸை மேசைமேல் பூட்டி, வேலையைத் தொடங்கினார்.

தேர்வுக்கு முந்தைய நாள் காலையில் டீச்சரைத் தொலைபேசியில் அழைத்தபோது பொன்னுரங்கத்தின் குரல் கடுத்திருந்தது.

"தப்பான மெஷினை வாங்க வெச்சுட்டீங்க டீச்சர்."

டீச்சர் வந்தார். செய்து முடித்த இரு கட்டைகளும் கண்ணாடிபோல் மின்னின. பொன்னுரங்கம் ஓர் எஃகுத் தண்டை முதற்கட்டையின் துளையில் விட்டார், வழுக்கிச் சென்றது. இரண்டாவதிலும் அவ்வாறே சென்றது. இரண்டையும் துளையோடு துளை பொருந்த முகத்தோடு முகம் சேர்த்துத் தண்டை விட்டார். பாதியில் சிக்கி நின்றது.

"துளை கோணல். இந்தக் குட்டிச்சாத்தானைத் திருப்பிக் கொடுத்தாலும் இனி அவ நாளைக்கு ஆட முடியாது."

டீச்சர் மேசையின் மீது டயல் கேஜை ஓட்டினார். முள் அசையவில்லை. வைஸின் மீது ஓட்டினார். முள் ஏறியது.

"வைஸைக் கழட்டுங்க அண்ணா."

பொன்னுரங்கம் அசையாமல் நின்றார்.

"ஏனுங்க அண்ணா?"

"அடியில சாமிக்கு வெச்ச பொட்டு இருக்குதுங்க. துடைக்க மனசு வரல. அதும்மேலயே பூட்டிட்டேன்."

சொர்ணலதா நாற்காலியை உருட்டிக்கொண்டு அருகில் வந்தார். "சாமியை அடியில போட்டு நசுக்கிட்டு, ரெண்டு நாளா மெஷினையா திட்டிட்டிருந்தீங்க?"

பொன்னுரங்கம் தலைகுனிந்தபடி வைஸைக் கழற்றினார். சந்தனம் காய்ந்து கல்லாகி, வைஸை ஒரு பக்கமாகத் தூக்கியிருந்தது.

டீச்சர் அதை நகத்தால் பெயர்த்து உள்ளங்கையில் இட்டு, ஒரு சொட்டு நீர்விட்டுக் குழைத்தார். பொன்னுரங்கத்தின் நெற்றியில் அதைப் பொட்டாக வைத்தார். பின்பு மேசையைத் துணியால் துடைத்து, வெறுங்கையால் ஒரு முறை தடவினார்.

"இப்பப் பூட்டுங்க."

வைஸின் மீது முள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அசைவின்றிச் சென்றது. புதிதாக இரண்டு கட்டைகள் வெட்டப்பட்டன. பொன்னுரங்கம் அவற்றை முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்தார். தண்டைத் துளையின் வாயில் நிறுத்தி விரலை எடுத்தார். அது தன் எடையிலேயே மெல்ல இறங்கி, இரு கட்டைகளையும் கடந்து மறுபக்கம் வந்தது.

"அட, குட்டி!" என்றார் சொர்ணலதா.

மறுநாள் ஆடுகளத்தில் அவர் சக்கரங்களை ஒரே உந்தாக உந்திவிட்டு, இரு கைகளையும் மேலே தூக்கினார். நாற்காலி இம்மியும் விலகாமல் நேர்கோட்டில் ஓடியது. அதே ஓட்டத்தில் வந்த பந்தைப் பிடித்துக் கூடையில் இட்டார். அன்று அவரை மறித்து நிறுத்த ஒருவராலும் இயலவில்லை. அணியில் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களை வாசித்தபோது, தம் பெயர் முழுவதும் ஒலிக்கும் முன்பே அவர் கூவிவிட்டார். சக வீராங்கனைகள் நாற்காலியோடு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பார்வையாளர் வரிசையில் பொன்னுரங்கம் கண்களைத் துடைத்துக்கொண்டார். கைதட்டிச் சிவந்த உள்ளங்கைகளோடு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா டீச்சர்? அந்தப் பெரிய மெஷினை வாங்கியிருந்தாலும் நான் பொட்டு வெச்சுத்தான் பூட்டியிருப்பேன். அப்பவும் இதே கோணல் வந்திருக்குமில்லீங்களா?"

"வந்திருக்கும்."

"அப்புறம் எதுக்குங்க இதைத்தான் வாங்கோணும்னு நின்னீங்க?"

டீச்சர் ஆடுகளத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"அந்தப் பெரிய மெஷின் ஆடற ஆட்டத்துல, கோணல் யாரோடதுன்னு நமக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காதுங்க அண்ணா."