சூளையில் குறை சொன்ன முள்ளம்பன்றி

மலையடிவாரத்து ஏரிக்கரையில் மாசானம் என்ற கரடி ஒரு செங்கல் சூளை நடத்தி வந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏரி நிரம்பி, பக்கத்துப் பள்ளத்தில் இருந்த முயல் வளைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அந்த ஆண்டு மழைக்கு முன்னால் கரையில் ஒரு சுவர் எழுப்பித் தருவதாகக் கரடி முயல்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அதனால் சூளையில் வேலை மும்முரமாக நடந்தது.

பேச்சி என்ற எருமை மண்ணை மிதித்துக் குழைத்தது. இருளாயி என்ற மந்தியும் அதன் குடும்பமும் அந்த மண்ணை அச்சில் அடித்துக் கல் அறுத்தன. சுடலை என்ற கழுதை காய்ந்த கல்லைச் சுமந்து வந்தது. வெயிலான் என்ற முள்ளம்பன்றி அதைச் சூளைக்குள் அடுக்கியது. இவற்றை வேலை வாங்கியது குப்பாண்டி என்ற நரி. அதை எல்லாரும் மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள்.

மாசானம் இரக்கமற்ற முதலாளி இல்லை. மத்தியானக் கூழை ஒரு நாளும் தாமதித்ததில்லை. பேச்சியின் கன்றுக்குக் காய்ச்சல் வந்தபோது தானே மலை ஏறித் தேன் எடுத்து வந்து கொடுத்தது. ஆனால் யாராவது முணுமுணுத்தால் அதற்குப் பிடிக்காது. சத்தம் இல்லாத இடத்தில் குறையும் இல்லை என்று நினைத்துக்கொள்ளும். "சின்னச் சின்னத் தகராறையெல்லாம் என்கிட்ட கொண்டுவராதே" என்று நரியிடமும் சொல்லி வைத்திருந்தது.

வெயிலானுக்கோ வாய் சும்மா இருக்காது.

"மேஸ்திரி, சூளையோட மேற்குச் சுவர் விண்டிருக்கு. புகை அது வழியா வந்து கண்ணைப் பிடுங்குது."

"அப்புறம் பார்க்கலாம்" என்றது நரி.

"பேச்சியை உச்சி வெயில்ல மிதிக்க விடுறீங்களே, ஒரு பந்தல் போட்டா என்ன?"

"அது கேட்டுச்சா? நீ உன் வேலையைப் பாரு."

"கழுதைக்கு முதுகுல புண்ணு இருக்கு. ரெண்டு நாள் சுமை குறைச்சுக் குடுங்க."

இப்படித் தினமும் ஏதாவது ஒன்று. நரிக்குச் சலித்துப் போனது. கரடியிடம் போய், "முதலாளி, இவன் ஒருத்தன் வாய்தான் மத்தவங்களையும் கெடுக்குது" என்றது.

கரடி எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. "இங்கே யாருக்கு என்ன குறை? தைரியமா சொல்லுங்க" என்று கேட்டது.

நரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பேச்சி தரையைப் பார்த்தது. இருளாயி தன் குட்டியின் தலையில் பேன் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டது. "ஒரு குறையும் இல்லைங்க முதலாளி" என்று கழுதை சொன்னது. அப்போதும் அதன் முதுகில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

வெயிலான் மட்டும் எழுந்து, மேற்குச் சுவரில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னது.

கரடியின் முகம் சுருங்கியது. "இத்தனை பேருக்கு இல்லாத குறை உனக்கு மட்டும் எங்கேருந்து வருது? பிடிக்கலைன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

வெயிலான் முள்ளில் ஒட்டியிருந்த சாம்பலை உதறிவிட்டு, குன்றுப் பக்கம் நடந்து போனது. போகும்போது பேச்சியை ஒரு முறை பார்த்தது. பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதன் பிறகு சூளை அமைதியானது. மாசானத்துக்கு நிம்மதி. "இப்பத்தான் வேலை நடக்கிற இடம் மாதிரி இருக்கு" என்று நரியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டது.

கொஞ்ச நாளில் ஒரு காலை கழுதை வரவில்லை. உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். அது ஆற்றின் அக்கரைக்குப் போய்விட்டதாகப் பிறகு ஒரு காகம் சொன்னது. அடுத்து இருளாயி குடும்பத்தோடு கிளம்பிவிட்டது. அது கழுவிக் கவிழ்த்து வைத்த அச்சுகள் மட்டும் கிடந்தன. இதற்கிடையே மேற்குச் சுவரின் விரிசல் அகன்று, சூடெல்லாம் அதன் வழியே வெளியேறியது. அந்தத் தடவை சூளையைப் பிரித்தபோது பாதிக் கல் வேகாமல், கை பட்டாலே உதிர்ந்தது.

வானத்தில் மேகம் கூடத் தொடங்கியிருந்தது. ஏரிக்கரைச் சுவர் பாதிகூட எழும்பவில்லை.

மாசானத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மண் மிதித்துவிட்டு ஏரியில் கால் அலம்பிக்கொண்டிருந்த பேச்சியிடம் போய் நின்றது.

"ஏன் பேச்சி, அவங்க எல்லாம் ஏன் போனாங்க? என்கிட்ட ஒரு வார்த்தை குறை சொன்னதில்லையே."

பேச்சி தண்ணீரைப் பார்த்தபடியே, "நானும் இந்த வாரத்தோட நின்னுக்கலாம்னு இருக்கேன் முதலாளி" என்றது.

கரடி திகைத்துப் போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டது. "என்னம்மா சொல்றே? உனக்கு இந்த இடம் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன? எல்லாரும் ஒன்னா உட்கார்ந்து கூழ் குடிக்கிறது பிடிக்கும். சூளையைப் பிரிக்கும்போது நான் மிதிச்ச மண்ணு செக்கச் செவேல்னு கல்லா வெளியே வரும் பாருங்க, அது ரொம்பப் பிடிக்கும். என் கன்னுக்கு நீங்க தேன் கொண்டுவந்ததையும் மறக்க மாட்டேன்." பேச்சி மூச்சு வாங்கிக்கொண்டது. "ஆனா உச்சி வெயில்ல தலை கிறுகிறுத்து ரெண்டு தடவை சேத்துலயே விழுந்துட்டேன். எழுந்திருக்கிறதுக்குள்ள மேஸ்திரி கத்துறார். விழுந்த வலியைவிட அந்தக் கத்தல்தான் தாங்கலை."

"இதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வெயிலான் சொன்னான். அவனை நீங்க என்ன செஞ்சீங்கன்னு நாங்க பார்த்தோம்."

கரடி மறுநாள் விடிந்ததும் குன்றுக்குப் போனது.

வெயிலான் ஒரு பாறைக்குப் பக்கத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. கரடியைப் பார்த்ததும் முள்ளைச் சிலிர்த்தது. பிறகு கேட்டது:

"மேற்குச் சுவரைப் பூசியாச்சா?"

"இல்லை" என்றது கரடி. "உன்னைத்தான் அனுப்பிட்டேனே. இன்னும் எதுக்கு அந்தக் கவலை?"

"கல்லை வீணாக்கிட்டா முயலுங்களுக்கு யார் சுவர் கட்டுறது? அந்த வேலை எனக்குப் பிடிச்சிருந்துது முதலாளி. கழுதை போனதைக் காகம் சொல்லுச்சு. பிடிக்காம இருந்திருந்தா அது மாதிரி நானும் சும்மா இருந்துட்டுப் போயிருப்பேன்."

மாசானம் தலை குனிந்தது. "தப்பு என் மேலதான். திரும்பி வருவியா?"

"நான் வந்து என்ன செய்ய? திரும்பவும் கத்திக்கிட்டுத்தான் இருப்பேன். ஒரு நாள் உச்சி வெயில்ல நீங்க மண்ணை மிதிச்சுப் பாருங்க. அப்புறமும் கூப்பிட்டா வரேன்."

அன்று மத்தியானம் கரடி பேச்சியை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கியது. கரும் ரோமத்தில் வெயில் ஏறியது. கொஞ்ச நேரத்திலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. கரையேறி மேற்குச் சுவர் அருகே போய் நின்றதும் புகை தொண்டையை அடைத்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது.

நரி ஓரமாக நின்றது. "முதலாளி, மழைக்குள்ள சுவர் முடியலைன்னா என்னை அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேன். அந்தப் பயத்துலதான் அவங்களை விரட்டினேன்."

"உன் வாயையும் நான்தான் கட்டி வச்சேன்" என்றது கரடி. "இனிமே எந்தக் குறையா இருந்தாலும் முதல்ல என்கிட்ட கொண்டு வா. இப்ப போய் பந்தலுக்கு மூங்கில் வெட்டலாம், வா."

பந்தல் எழுந்தது. மேற்குச் சுவரைப் பூசினார்கள். வெயிலான் வந்து சேர்ந்தது. கேள்விப்பட்டு இருளாயியும் குடும்பத்தோடு திரும்பியது. கழுதை வரவில்லை. கரடி ஆற்றங்கரை வரை போய்க் கூப்பிட்டும், "இங்கேயே இருந்துக்கிறேங்க" என்று அக்கரையிலிருந்தே சொல்லிவிட்டது. அதன் சுமையைக் கரடியும் நரியும் பங்கு போட்டுக்கொண்டன.

எல்லாரும் பாடுபட்டும் மழை முந்திக்கொண்டது. சுவரின் வடக்கு முனை முடிவதற்குள் ஏரி பொங்கி, அந்தப் பக்கத்து வளைகள் மூழ்கின. முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு தப்பி ஓடின. மாசானம் தன் குகையை அவற்றுக்கு விட்டுக்கொடுத்து, மழை முடியும் வரை சூளைப் பந்தலில் படுத்துக்கொண்டது. மற்ற பக்கமெல்லாம் சுவர் உறுதியாக நின்றது. அங்கே இருந்த முயல் குடும்பங்கள் வளையைவிட்டு நகர வேண்டியிருக்கவில்லை.

மழை ஓய்ந்து ஏரி வடிந்ததும் வடக்கு முனைக்காக மறுபடி மண் கொட்டினார்கள். கரடி அந்தப் பக்கம் வந்தபோது பேச்சி மிதிப்பதை நிறுத்தியது. நரியை ஒரு முறை பார்த்தது. பிறகு கரடியைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, பேசத் தொடங்கியது.

"முதலாளி, இந்தப் புது மண்ணுல கூழாங்கல்லு அதிகம். குளம்பு கிழியுது. சலிச்சுக் கொட்டச் சொல்லுங்க."

"ரொம்ப வலிக்குதா? காலைக் காட்டு" என்று சொல்லி மாசானம் சேற்றிலேயே உட்கார்ந்தது. நரி சல்லடை எடுக்கப் போனது.

குறை சொல்பவருக்கு அந்த இடத்தின் மேல் இன்னும் பற்று இருக்கிறது. அவர் வாயை அடைப்பவர், வாய் திறக்காத மற்றவர்களையும் இழப்பார்.