அரிஸ்தோனின் கால்கள்

இப்போது எங்கள் சபைக்குக் கல் மண்டபம் இருக்கிறது. பெயர் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்காருகிறார்கள். அப்போது நாங்கள் இருபத்திரண்டு பேர். துறைமுகத்தை ஒட்டிய சாயப்பட்டறையின் பின்கட்டில் கூடுவோம். எழுந்து போகும்போது எல்லார் உடையிலும் நீலம் ஒட்டியிருக்கும். சந்தையில் அந்தக் கறையைப் பார்த்தே ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு சிரித்துக்கொள்வோம். அவரவர் கொண்டுவந்த ரொட்டியை ஒரே பாயில் கொட்டுவோம். யாருடையது எது என்று பிறகு தெரியாது.

எங்களுக்குப் போதித்தவர் தெயோனா. கப்பல் பாய் தைத்துப் பிழைத்தவர். வயது நாற்பதுகூட இராது. அவரிடம் கற்க வந்தவர்களில் மூத்தவர் அரிஸ்தோன் என்ற தானிய வணிகர். ஞானஸ்நானம் பெற்ற அன்றே தம் அடிமைகளை விடுவித்தார். அவர்களில் தீரோன் மட்டும் எங்களோடு சேர்ந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். பழைய எஜமானை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே இருந்தான்.

பந்திக்கு முன் அரிஸ்தோன் வாசலில் முழந்தாளிட்டு, வருகிறவர்களின் கால்களைக் கழுவுவார். மீன் சுமப்பவர், தோல் பதனிடுபவர், யாரையும் விடமாட்டார். தீரோனின் கால்களையும் கழுவினார். முதல்முறை அதைப் பார்த்தபோது பலர் அழுதோம். ஆனால் அவர் கால்களை யாரும் கழுவியதில்லை. வீட்டிலேயே கழுவிவிட்டு வந்தேன் என்பார்.

ஒரு மாலை, எல்லாரும் வந்த பிறகு, அவர் தெயோனாவிடம் கேட்டார்.

"மூன்று வருஷமாக இதைச் செய்கிறேன். ஆனாலும் இவர்களோடு உட்காரும்போது தனியாகவே இருக்கிறேன். என்னிடம் இன்னும் என்ன குறை?"

தெயோனா தண்ணீர்க் குடுவையையும் துண்டையும் எடுத்துத் தீரோன் கையில் கொடுத்தார். யாருக்கென்று சொல்லவில்லை.

தீரோன் நேரே வந்து அரிஸ்தோன் முன்னால் உட்கார்ந்தான்.

அரிஸ்தோன் கால்களை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார். குடுவையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லித் தெயோனாவிடம் கெஞ்சினார். பன்னிரண்டு வருஷம் இவன் என் காலைக் கழுவியவன் என்றார். ஒருநாள் தண்ணீர் சுட்டதற்காக இவனை முகத்தில் உதைத்திருக்கிறேன் என்றார். அதுவரை அது எங்களில் யாருக்கும் தெரியாது. தீரோன் சொன்னதில்லை.

இப்போதும் அவன் நிமிரவில்லை.

"அன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள், கழுவினேன்," என்றான். "இன்றைக்கு யாரும் சொல்லவில்லை."

அரிஸ்தோன் தெயோனாவைப் பார்த்தார்.

"இவன் முன்னால் குனிய என்னால் முடிந்தது. இது முடியவில்லை."

"தெரியும்," என்றார் தெயோனா. "காலை நீட்டுங்கள், சகோதரரே."