மருதமரத்து விட்டில்

அந்தக் காலத்தில், காட்டு உயிர்களெல்லாம் ஒன்றோடொன்று பேசித் திரிந்தபோது, விட்டில்கள் பட்டப்பகலில் பறந்தன. நான்கு இறகும் கொன்றைப்பூ மஞ்சள். அவர்களில் ஒருத்தி மஞ்சாயி.

மஞ்சாயி இலைக்கடியில் முட்டையிட்டாள்; மறுநாள் ஒன்றுகூட இல்லை. பாறையிடுக்கில் இட்டாள், அதுவும் போயிற்று. மேலே கிளையில், நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி வால்காக்கைப் பறவை அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"எப்படித்தான் கண்டுபிடிக்கிறாய், பாவி?"

"நான் எங்கே தேடினேன்? நீ போகிற இடமெல்லாம் மினுமினுக்கிறதே. பின்னாலேயே வந்தேன்."

விட்டிலுக்கு ஆயுசு கொஞ்சம். வயிற்றில் இருந்தவைதான் கடைசி முட்டைகள். மஞ்சாயி ஆற்றோரத்து மருதமரத்திடம் போனாள்.

"அண்ணே, என் அழகே என் பிள்ளைகளுக்கு எமனாகிவிட்டது. உன் பட்டையின் நிறத்தை எனக்குக் கொடு."

மரம் சொன்னது: "தருகிறேன், தாயி. ஆனால் ஏறிய நிறம் இறங்காது. அசைந்தால் தெரிந்துவிடும், பகல் முழுக்கச் செத்ததுபோலக் கிடக்கவேண்டும். பெற்ற பிள்ளைக்கே உன்னை அடையாளம் தெரியாது."

"தெரியாவிட்டால் போகட்டும். அவர்கள் பிழைத்தால் போதும்."

பட்டை வெடிப்பில் முட்டைகளை இட்டாள். பிறகு முன்னிறகுகளை மரத்தில் வைத்துத் தேய்த்தாள். மஞ்சள் பொடி வேரடியில் உதிர்ந்தது. சாம்பலும் பழுப்பும் இறகில் ஏறின. பின்னிறகுகளைத் தேய்ப்பதற்குள் சிறகடிப்புக் கேட்டது. சட்டென்று முன்னிறகால் பின்னிறகை மூடி, வெடிப்பின்மேல் ஒட்டிப் படுத்தாள்.

வால்காக்கை வந்து மரத்தைப் பற்றியது. அதன் நகம் அவள் இறகின் ஓரத்தைக் கிழித்தது. மஞ்சாயி அசையவில்லை.

"இங்கேதானே வந்தாள்!" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. போகவும் இல்லை; மேல்கிளையிலேயே காத்திருந்தது.

ஒன்பதாம் நாள் முட்டைகள் பொரிந்தன. நூல்போன்ற புழுக்கள் அவள் முதுகின்மேல் ஏறி இலைகளை நோக்கி ஊர்ந்தன. ஒன்று மட்டும் நின்று, மேலே கேட்காத சின்னஞ்சிறு குரலில் சொன்னது:

"இந்தப் பட்டை மட்டும் துடிக்கிறதே!"

"பட்டை எங்கேயாவது துடிக்குமா? வா, பசிக்கிறது" என்றது இன்னொன்று.

வாய்வரை வந்த பதிலை மஞ்சாயி விழுங்கினாள். அவள் குரல் மேலே வால்காக்கைக்குக் கேட்டுவிடுமே. கடைசிப் பிள்ளையும் தழைக்குள் மறைந்தபின், அன்று சாயங்காலம் அவள் பிடி தளர்ந்து வேரடியில் விழுந்தாள்.

புழுக்கள் இலை தின்று, தோலுரித்து வளர்ந்தன. ஒருநாள் மரத்தைவிட்டு இறங்கிச் சருகுக்கடியில் கூடு கட்டி உறங்கின. முதல் மழைக்குப்பின் இறகோடு வெளியே வந்தன. தாயைப்போலவே முன்னிறகெல்லாம் மரப்பட்டை நிறம், பின்னிறகில் மட்டும் கொன்றை மஞ்சள்.

அன்று முதல்தான் விட்டில் பகலெல்லாம் பட்டையோடு பட்டையாகக் கிடக்கிறது. யாராவது தொட்டு முன்னிறகு விலகினால்தான் உள்ளே அவளுடைய மஞ்சள் தெரிகிறது.